அரைப் பக்க வரலாறு

ஆண்டு மலருக்கு அரைப் பக்கம் போதும் என்றார் முதல்வர் ஹெர்மி.
நிறுவிய ஆண்டு, கட்டடங்கள், மாணவர் தொகை.
கடலைப் பற்றி ரொம்ப வேண்டாம்,
நிதி கொடுப்பவர்கள் மிரண்டுபோவார்கள்.

நான் இந்தக் கல்லூரியின் கணக்கெழுத்தன்.
சொன்னதைச் செய்துதான் பழக்கம்.

நிறுவிய ஆண்டிலேயே இடறியது.
கல்வெட்டில் ஓராண்டு, பதிவேட்டில் வேறோர் ஆண்டு.
கல்லை ஏற்றிய கப்பல் புயலுக்கு ஒதுங்கிப்
பதினான்கு மாதம் கழித்து வந்ததாம்.
அதற்குள் ஒன்பது பேர்
கொப்பரை காயவைக்கும் கொட்டகையில்
எண்ணெய் பிசுக்கேறிய பலகையில் உட்கார்ந்து
பின்னக் கணக்கு முடித்து
வட்டிக் கணக்குக்கு வந்துவிட்டார்கள்.
பதிவேட்டையே எடுத்துக்கொண்டேன்.

கட்டடங்கள் ஐந்து.
வேதியியல் கூடம் போர்க்காலப் பதுங்கறை.
கட்டியது எந்த நாட்டுப் படை என்பது
கேட்க வந்தவரைப் பொறுத்து மாறும்.
சுவர் மூன்று முழம். உள்ளே அலைபேசி எடுக்காது,
கூரைமேல் ஏறினால் எடுக்கும்.
காதலிப்பவர்களும் வேலை தேடுபவர்களும்
இரவில் அங்கேதான் நிற்கிறார்கள்,
தாடை வரைக்கும் நீலமாக.

நூலகத்தில் நன்கொடைப் புத்தகங்கள்.
பனிச்சறுக்கு பற்றி மட்டும் பதினேழு.
பதினேழையும் படித்த ரைன்
பனிக்கு வாசனை உண்டா என்று கேட்டாள்.
அலுவலகக் குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டினேன்.
மின்சாரம் போய் இரண்டு நாள்.
மீன் வாசனை அடித்தது.
ஓகோ என்றாள்.

மூன்றாவது விடுதி.
நான்காவது கழிப்பறை,
தணிக்கைக்கு அதுவும் கட்டடம்தான்.

ஐந்தாவதை எப்படி எழுதுவது?
கொட்டகையை இடித்துக் கட்டிய முதல் வகுப்பறை அது.
சுவர் போய்விட்டது, கூரை அதற்கும் முன்னால்.
தளம் மட்டும், கரையிலிருந்து நாற்பது எட்டு தள்ளி,
நீர் வற்றும்போது தலைகாட்டும்.
எங்கள் நாட்காட்டியின் பின்பக்கம் முழுக்க
ஓதப் பட்டியல்தான். அதைப் பார்க்காமல்
முழுநிலவுக்கு மறுநாள் தேர்வு வைத்தோம் ஒருமுறை.
காயல் பக்கமிருந்து வந்த நீரில்
பெஞ்சுகள் மெதுவாகத் திரும்பிக்கொண்டன.
ஜிடியாமுக்கு அப்போது அறுபத்தொரு வயது.
விடைத்தாளைப் பல்லில் கவ்வியபடி நடந்து வந்து
என் மேசைமேல் வைத்தார்.
பல்தடத்தோடு கோப்பில் இருக்கிறது.
தேர்ச்சி, நாற்பத்திரண்டு.

பட்டமளிப்பு அந்தத் தளத்தில்தான்.
வற்றம் ஒரு மணி நாற்பது நிமிடம்.
போன ஆண்டு அமைச்சரே ஒன்றேகால் மணி பேசினார்.
நீர் நாலு பக்கமும் திறந்து கிடக்க,
வாசல் இருந்த இடத்தின் வழியாகவே
உள்ளே வந்தது, பழக்கதோஷம்.
கடைசிப் பெயர் லிஜோன்.
பாவாடையை ஒரு கையால் சுருட்டிப் பிடித்து
முழங்கால் நீரில் போய்ச் சான்றிதழ் வாங்கினாள்.
அவள் அப்பா நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு
கைதட்ட முடியாமல் கத்தினார்.

மாணவர் தொகை நாற்பத்து மூன்று.
இது வருகைப் பதிவேட்டின் எண்ணிக்கை.
அமெரிக்காவில் கோழி வெட்டும் ஆலைகளுக்குப் போனவர்கள்
இதில் இல்லை. கடிதத்தில் இருக்கிறார்கள்.
மதிப்பெண் பட்டியல் அனுப்பு, முத்திரை தெளிவாக இருக்கட்டும்.
டோக்ரன் மட்டும் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தான்:
தளம் இன்னும் தெரிகிறதா?

நேற்று நாலு மணிக்கு அளவுகோலோடு போனேன்.
நல்ல வற்றம். கரும்பலகை ஆணி ஒன்று
பாசிக்குள் நிமிர்ந்து நின்றது.
தெரிகிறது என்று பதில் போட்டேன்,
மூன்று விரல் நீருக்கடியில்.

அரைப் பக்கம் எப்போதோ தாண்டிவிட்டது.
முதல்வர் சிவப்புப் பேனாவோடு வருவார்.
அதற்குள் ஒரு சந்தேகம் தீர வேண்டும்.
அந்த மூன்று விரலை
எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது,
கட்டடங்களிலா,
மாணவர் தொகையிலா?